பேப்பூர்க் காற்று

தறி குடோனில் தறிகள் இல்லை.
தரையில் போல்ட்டுக் குழிகள் மட்டும்.
அவற்றின்மேல் பாயை விரித்திருக்கிறேன்,
சுவரிலிருந்து சுவர் வரைக்கும்.
படுக்கிற பாய் இல்லைங்க என்று
வருகிற ஒரம்பரைக்கெல்லாம்
ஒருமுறை சொல்லியாயிற்று.

பல்லடத்தில் ஆடி.
கடல் எங்களுக்குக் கதவைச் சாத்தி ரெண்டு மாதம்.
படகு பேப்பூரில், கட்டைகள்மேல்,
தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது.
நாங்கள் இங்கே,
அசையாத கட்டிலில் தூக்கம் வராமல்.

எட்டுத் தறியையும் எடைக்குப் போட்ட வருஷம்
தோட்டம் வாங்கு, போர் போடு என்றார்கள்.
சென்னியப்பன் இருபத்தேழு அடியில்
ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினார்.
ஆயிரம் அடி துளைத்தும் புழுதி பறக்கிற ஊரில்
அதுவும் ஒரு கணக்குத்தான் என்று
எனக்கும் பட்டது. சொல்லவில்லை.
கேட்டது இது மட்டும்: சமையல் எங்கே?

ஆடுகிற அடுப்பில்.
அரிசிம்பருப்புச் சோறுதான் கடலுக்கு ஒத்துவரும்.
ஒரே குக்கர், ஒரே கரண்டி,
கவிழ்ந்தாலும் ஒன்றுதான் கவிழும்.
குமட்டலுக்கு நார்த்தங்காய்.
முதல் வருஷம் கொச்சியிலிருந்து கண்ணூர் வரை
நான் பார்த்த கடற்கரை
நார்த்தங்காய் ஜாடியின் அடிப்பாகம்.

பேர் வைப்பதில் சண்டை.
அவர் அம்மன் பேர் சொன்னார். நான் நொய்யல் என்றேன்.
துறைமுக ஆபீசில் எழுதிக்கொண்டவர்
என்ன அர்த்தம் என்று கேட்டார்.
ஆறுங்க.
தண்ணி ஓடுமா?
ரெண்டு பேரும் ஒரே நேரத்தில்
வேறு வேறு பதில் சொன்னோம்.

இந்தக் கிழிசல்
என் உள்ளங்கைக்கு நாலு நீளம்.
பங்குனிக் கடைசி, கார்வாருக்குத் தெற்கே.
பாயைச் சுருக்கலாம் என்றார்.
இன்னும் கொஞ்ச நேரம் என்றேன்.
அந்தக் கொஞ்ச நேரம்தான் இது.

அப்புறம் மூன்று நாள் பேச்சில்லை.
ஊரென்றால் அவர் டீக்கடைக்குப் போவார்,
நான் தங்கச்சி வீட்டுக்கு.
இருபத்தேழு அடியில்
எப்படித் திரும்பினாலும் ஒருத்தர் முழங்கை
இன்னொருத்தர்மேல் படும்.
நாலாம் நாள் விடியலில் என் காவல் முடிந்து
சுக்கானைக் கைமாற்றும்போது
திசை? என்றார்.
நூற்றறுபது என்றேன்.
சமாதானம் அவ்வளவுதான்.

பனியன் கம்பெனியில் பதினோரு வருஷம்
ஓவர்லாக் அடித்த கை இது.
தைத்ததெல்லாம் கப்பலேறிப் போயின.
நான் ஏறுவேன் என்று யார் கண்டார்கள்.
இப்போது ஜிக்ஜாக் தையல், மெழுகு நூல்,
மூன்று மடிப்பு. காலையிலிருந்து
ஊசி ரெண்டு முறிந்துவிட்டது.

சித்தெ நேரத்துக்கு ஒருமுறை
பாய் தரையிலேயே மூச்சிழுத்து எழுகிறது.
கணவாய் வழியாக வருகிற காற்று,
கதவைச் சாத்தினால் ஓட்டு இடுக்கில் வருகிறது.
ரோட்டுக்கு அந்தப்பக்கம் காற்றாலைகள்
பேய் பிடித்தாற்போல் சுற்றுகின்றன.
இவர் பஸ் ஸ்டாண்டில் நின்று
கன்னத்தை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருப்பி
வேகம் பார்க்கிறார்.
பல்வலியாங்க என்று கேட்டாராம் கண்டக்டர்.

நேற்று யார்டிலிருந்து ஹம்சக்கோயா பேசினார்.
தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்திருக்கிறது,
மழை உள்ளே போகிறதா தெரியவில்லை,
ஏறிப் பார்த்துச் சொல்கிறேன் என்று.
இன்னும் சொல்லவில்லை.

மத்தியானம் இவர் கணக்குப் போட்டார்:
விடிகாலையில் அங்கே படகைத் தட்டிய காற்று
இந்நேரம் நம்ம கூரைக்கு வந்திருக்கும்.
சரியோ தப்போ.
நான் ஊசியைப் பல்லில் கடித்தபடி போய்
கதவை முழுசாகத் திறந்துவிட்டேன்.

பாய் தரையை விட்டு
என் இடுப்பு உயரத்துக்கு எழுந்தது.
புடி புடி என்று
இவர் ஒரு மூலையில் விழுந்து படுத்தார்.
சுருக்கட்டுங்களா? என்றேன்.
இன்னும் கொஞ்ச நேரம் என்றார்.