பதினாறு ஜிபி சீர்

முக்கூடலில் உரக்கடை மாடி.
ஒரே ஒரு ஃபேன், அதுவும் எனக்கில்லை.
பக்கத் தகட்டைக் கழற்றிப் போட்டு
கம்ப்யூட்டரின் வயிற்றுக்கு நேரே
திருப்பி வைத்திருக்கிறேன்.
தை பிறந்து பதினோரு கல்யாணம் வந்தாச்சு.
வெட்டி ஒட்டத்தான் கையில் ஒன்றுமில்லை.

பழையது ஜங்ஷனில் ஒருத்தன்
இருநூறு ரூபாய்க்கு
திருட்டுச் சாவியோடு ஏற்றித் தந்தது.
மூணு வருஷம் உழைத்தது, பொய் சொல்லக் கூடாது.
ஐப்பசியில் ஒரு ராத்திரி
கோப்புகள் எல்லாம் பேர் மாறி
வாலில் எவனோ ஒட்டின மூணு எழுத்தோடு கிடந்தன.
இடைகால் சடங்கு வீடு ஒன்று
பாப்பாக்குடிக் கல்யாணம் ரெண்டு
உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொண்டன.
திறக்க டாலர் கேட்டான்.
அம்மா சொளவிலிருந்து தலை நிமிராமல்
“அது எத்தனை பீடி, ஏளா?” என்றாள்.

எங்கள் வீட்டில் எதற்கும் அதுதான் விலைப்பட்டியல்.
ஆயிரம் சுற்றினால் முந்நூறு.
ஊரே மெச்சுகிற அந்த மென்பொருள்
மாத வாடகை ரெண்டாயிரத்து நூறு.
“ஏழாயிரம் பீடி. மாசாமாசமா?”
“மாசாமாசம்.”
“கெட்டலைன்னா?”
“திறக்காது.”
அம்மா நூலைப் பல்லில் கடித்து
அடுத்த இலையை எடுத்தாள்.

காசே வேண்டாம், சும்மா வாரேன் என்றது இன்னொன்று.
அசல் மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு.
நாங்க எதுவும் கேக்கலை,
பதினாறு ஜிபி ராம்
தனியா ஒரு கிராபிக்ஸ் கார்டு
அதைத் தாங்குகிற மாதிரி ஒரு பெட்டி,
உங்க பொண்ணுக்கு நீங்க செய்யுறது.
என்னிடம் இருப்பது நாலு ஜிபி.
மூச்சுக் காட்டாமல் மூடிவிட்டேன்.

அப்புறம் ஒன்று, நல்லாத்தான் இருந்தது.
வெட்டியது, ஒட்டியது, கறுத்த முகத்தைக் கறுப்பாகவே காட்டியது.
முடித்துப் போட்டுப் பார்த்தால்
தாலி ஏறுகிற நேரம்
பெண்ணின் நெற்றிக்குக் குறுக்கே
சாம்பல் எழுத்தில் அதன் பேர்.
மாப்பிள்ளையின் சித்தப்பா அழகுநம்பி
கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்:
“யாரு இவன்? மொய் எவ்வளவு எழுதுனான்?”
அவனை இறக்கிவிட மூவாயிரத்து அறுநூறு.
நீங்களே பீடியில் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் வாய்த்தது
யார் யாரோ சேர்ந்து எழுதி
எவன் வேண்டுமானாலும் எடுத்துக்கோ என்று
வாசலில் போட்டுவிட்டுப் போனது.
இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் மயங்கி விழும்.
விழுமுன் சேமிக்க விரல் தானாகப் பழகிவிட்டது,
இப்போது சோறு தின்னும்போதும்
இடது கை கண்ட்ரோல் எஸ் தேடுகிறது.
ரெண்டு மணி நேரக் கல்யாணம்
வெளியே வரப் பதினாலு மணி நேரம்.
இடையில் கரண்ட் போனால் முதலிலிருந்து.

இதில் ரோஜாப்பூ விழாது.
இதயம் பறக்காது.
பெண்ணும் மாப்பிள்ளையும் சுவிட்சர்லாந்து மலைமேல்
கைகோத்து நிற்க மாட்டார்கள்.
நேரே வெட்டு, அடுத்த காட்சி,
நேரே வெட்டு, அடுத்த காட்சி.

“பூ எங்க?” என்றார் அழகுநம்பி.
“விழாது, சித்தப்பா.”
ஐநூறைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார்.

மறுநாள் காலை ஏழரைக்கு
மாடிப்படியில் மூச்சு வாங்கியபடி அவரே.
முன்னெல்லாம் பந்தி வந்தால்
தட்டு தட்டாகப் படம் சுழன்று
பூவுக்குள் போய்விடும்.
இதில் பந்தி பந்தியாகவே இருந்தது.
மூணாவது இலையில் அவர்.
இடமும் வலமும் பார்க்கிறார்,
நாலாவது லட்டு
துண்டுக்குள் போகிறது.
சர்க்கரைக்காரர்.
பேராச்சிச் சித்தி இன்னும் பார்க்கவில்லையாம்,
சாயங்காலம் அக்கம்பக்கத்தோடு உட்கார்ந்து பார்ப்பாளாம்.

“அந்த இடத்தை மட்டும்
வெட்டிரு, தாயீ.”
பிடித்த ஐநூறு
மேஜைமேல் வந்து உட்கார்ந்தது.

வெட்டுவதற்கென்ன,
இதற்கு உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.
வெட்டினேன்.
பதினொரு விநாடி.
மறுபடி பதினாலு மணி நேரம் என்றது திரை.
சாயங்காலத்துக்கு எட்டாது என்பதை
அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி
ஃபேனை இன்னும் ஒரு சாண் கிட்டே நகர்த்தினேன்.