இருபத்திநாலு மஞ்சள்

பதினாலு வருசம்
மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி
ஏசி போட்ட கண்ணாடிக் கூண்டுக்குள்
நகை உரசினேன்.
உரைகல்லில் ஒரு கோடு, அமிலம் ஒரு சொட்டு.
நின்றால் பொன். கரைந்தால் கவரிங்.
முகம் பார்க்க வேண்டியதில்லை.
அவசரத்தில் கழற்றிய மாலையின் கொக்கியில்
சிக்கியிருக்கும் இரண்டு தலைமயிரைச்
சாமணத்தால் எடுத்துப் போட்டுவிட்டு
எடை எழுதுவேன்.

ஏன் விட்டாய் என்பவர்களுக்கு
கண்வலி என்றிருக்கிறேன்,
கிளையை மூடப்போகிறார்கள் என்றிருக்கிறேன்.
நடந்தது இது:
ஓர் ஏல நாளில்
ஜெனரேட்டர் அறையில் பூனை ஈன்றது.
நாலாவது குட்டிக்கு மூச்சில்லை.
மேசை துடைக்கும் துணியால்
துடைத்துத் துடைத்து நான் உட்கார்ந்திருந்த
பன்னிரண்டு நிமிடம்
கவுண்டரில் ஆளில்லை.
மெமோ வந்தது.
'காரணம்' என்ற கட்டத்தில்
பூனை என்று எழுதினேன்.
குட்டி பிழைத்ததா என்று கேட்க
அதில் கட்டமில்லை.

"பட்டிக்குப் பீ அள்ளவா பி.காம் படிச்ச?"
என்றார் வீட்டுக்காரர்.
எதுகை நன்றாக இருந்தது. சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
சம்பளம் மூன்றில் ஒரு பங்கு,
பயிற்சி முடியும்வரை அதுவும் பாதி.

தக்கலை கிளினிக்கில்
எனக்குச் சொல்லித்தரும் ஷெர்லினுக்கு
இருபத்திமூன்று வயது.
என் மகளை விட ஆறு வயது மூப்பு,
என்னை விட ஆறு மடங்கு கோபம்.
கடிக்கிற நாய்க்கு வாய் கட்ட
காஸ் துணி போதுமாம்:
மூக்குமேல் ஒன்று,
தாடைக்கடியில் ஒன்று,
காதுக்குப் பின்னால் ஒன்று.
"மூணு முடிச்சுக்கா. அதுக்கப்புறம் சத்தம் வராது."
இன்னும் கல்யாணம் ஆகாத பெண்
இதை எங்கே கற்றாள்?

முதல் வாரம்
ஆட்டுக்கொம்பு இடித்து விலா நீலம்.
இரண்டாம் வாரம்
கிளியொன்று நகத்தைப் பதம் பார்த்தது.
பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை
குழித்துறை தாண்டியும் காலியாகவே வந்தது.
லைசால் வாசனைக்கு அத்தனை மரியாதை.

நேற்று சாயங்காலம், சரியான மழை.
கருங்கலிலிருந்து ஒருத்தி
சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
வெள்ளைக் குட்டி, பெயர் பப்படம்.
பார்வோ.
அந்த வாசனை ஒருமுறை ஏறினால்
மூக்கிலேயே குடியிருக்கும்.
எடை மூன்று கிலோ இருநூறு.
"இருபத்திநாலு எடுங்கக்கா" என்றாள் ஷெர்லின்.
பழைய மூளை ஒரு நொடி
காரட் தேடியது.
கேனுலா. மிகச் சிறியது.
தலைப்பகுதி மஞ்சள்.

முன்னங்காலைச் சிரைத்து
ரப்பர் பட்டை கட்டி
ஸ்பிரிட் தடவித் தடவிப் பார்த்தாலும்
நரம்பு எழவில்லை.
ஒருமுறை குத்தினேன், இல்லை.
மறுமுறை, இல்லை.
அந்தப் பெண் என்னையே பார்த்தாள்.
"நீங்க நகைக்கடன் ஆபீஸ்ல இருந்த மேடம் இல்லியா?
எனக்க மாலை ஏலத்துல போச்சு."
மழை பிடித்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.
முகம் ஞாபகமில்லை.
கழுத்தைப் பார்த்தேன். மஞ்சள் கயிறு.
என்ன சொல்வது?
வட்டி விகிதம் மட்டும்
நாக்குவரை வந்து நின்றது.

கரண்ட் போனது அப்போதுதான்.
அவள் செல்போன் டார்ச்சைத் தட்டி
குட்டியின் காலுக்கடியில் பிடித்தாள்.
ரோமம் சிரைத்த தோலுக்குள்
வெளிச்சம் சிவந்தது.
நடுவில், முடியளவு ஒரு கருங்கோடு.
"ஆட்டாதீங்க" என்றேன்.
"நீங்க ஆட்டாதீங்க" என்றாள்.

மஞ்சள் முனையில்
ரத்தம் ஒரு சொட்டு வந்து நின்றது.

ஷெர்லின் பிளாஸ்திரி ஒட்டினாள், பாராட்டவில்லை.
நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று
வாய்விட்டு எண்ணச் சொன்னாள்.
எண்ணினேன்.
பெஞ்சில் அவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்,
ஒரு கை கூண்டுக் கம்பிக்குள்.

கடைசி பஸ் போயிருந்தது.
வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து
கேட்டுக்கு வெளியே நனைந்து நின்றார்.
உள்ளே வரவில்லை.
மழைக்கோட்டை நீட்டினார்.
பாதி வழியில், பரைக்கோட்டு இறக்கத்தில்,
திரும்பாமல் கேட்டார்:
"பட்டிக்கு எப்படி இருக்கு?"

காலையில்தான் தெரியும் என்றேன்.