காதுமடல் பதம்

மகளை இறக்கிவிட்ட கார்
வளைவில் மறையும்வரை வாசலில் நின்றேன்.
கானாடோவில் வெள்ளிக்கிழமை இருட்டு.
காற்று அதற்கும் முன்னால் வந்து
டிரெய்லர் வீட்டின் அடித்தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சாப்பிடுகிறாய்?"
"டாக்கோ" என்றாள் ராலீன்.
"கடையில் விற்பதில்லை.
ரொட்டி பொரித்து, அதன்மேல் எல்லாம் போட்டு.
அம்மா செய்வது."
கடைசி இரண்டு சொற்களை மட்டும்
ஷூவைக் கழற்றியபடி குனிந்து சொன்னாள்.

மூன்று கிண்ணம் மாவு. உப்பு.
பேக்கிங் பவுடர், டப்பாவைத் தட்டியதில் விழுந்தது.
பகலெல்லாம் கிரேடர் ஓட்டி
மழை கிழித்த மண்சாலைகளைச் சமன் செய்கிறவன்,
ஒரு பாத்திரம் மாவைச் சமாளிக்க முடியாதா?
முடியவில்லை.
விரல் விரலாக ஒட்டி
கையே பழைய கையுறை ஆயிற்று.

ராலீன் மேடைமேல் ஏறி உட்கார்ந்து
பள்ளியில் எழுதிய கட்டுரையைச் சொன்னாள்,
பந்தயத்தில் புள்ளி வாசிக்கும் குரலில்:
"எட்டாயிரம் பேருக்கு மேல்.
முந்நூறு மைல் நடத்தியே கொண்டுபோனார்கள்.
அங்கே சோளம் விளையவில்லை.
படைக்காரர்கள் மாவும் பன்றிக்கொழுப்பும் கொடுத்தார்கள்.
இந்த மாவை என்ன செய்வதென்று
யாருக்கும் தெரியவில்லை."

"எனக்கும்தான்" என்றேன்.
சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.
பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்,
கொஞ்சமாக.

நான்கு மாதமாக எனக்கும் அர்வீனாவுக்கும் நடுவில்
மணி, இடம், "சரி".
இவ்வளவுதான் போய்வந்தன.
மாவு படாத ஒரே மொளியால் எண்ணை அழுத்தினேன்.

"அவளுக்கு என்ன ஆச்சு?"
"அவளுக்கு ஒன்றுமில்லை. மாவுக்குத்தான்."

கார் ஓரங்கட்டும் சத்தம்.
சரளைக்கல் நொறுங்கி அடங்கியது.
"கொதிக்கக் கொதிக்க ஊற்றினாயா?"
"ஆமாம்."
"அய்யோ லியாண்டர். கை பொறுக்கும் சூடு போதும்.
இன்னும் கொஞ்சம் மாவு தூவு.
உன் காதுமடலைத் தொட்டுப் பார்.
அந்தப் பதம் வந்ததும் விட்டுவிடு.
மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்.
எப்போதுமே நீ
தேவைக்கு மேல் பிசைவாய்."

சொன்னபின் இரண்டு பேரும் பேசவில்லை.
அடுப்பில் பீன்ஸ் தளதளப்பது
அவளுக்கும் கேட்டிருக்கும்.

பதினோரு வருஷம்.
ஒவ்வொரு சண்டையையும் ஆறவிடாமல்
மறுபடி மறுபடி கையிலெடுத்து
ஏன் சொன்னாய், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று
விடியும்வரை அழுத்தியவன் நான்.
இறுகிய மாவு
எந்த எண்ணெயிலும் உப்புவதில்லை.
அதை அவள் சொல்லவில்லை.
"நடுவில் ஓட்டை போட மறக்காதே" என்று
வைத்துவிட்டாள்.

மறந்துவிட்டேன்.
முதல் ரொட்டி பந்தாய் எழும்பி
எண்ணெயில் புரண்டு சீறியது.
"அப்பா, அது எழுந்து நிற்கிறது!"
கத்தியபடி ராலீன் பாத்திர மூடியைக்
கேடயமாகப் பிடித்தாள்.
இரண்டாவது, யூட்டா மாநிலம் மாதிரி
ஒரு மூலை வெட்டுப்பட்டு வந்தது.
மூன்றாவதில்தான் விரலால் ஓட்டை.
பொன்னிறக் கொப்புளம். ஓரத்தில் மட்டும் கருகல்.

பீன்ஸ், கொத்திய ஆட்டுக்கறி,
பச்சைமிளகாய், லெட்டூஸ், துருவிய சீஸ்.
காகிதத்தட்டு எண்ணெயில் நெகிழ்ந்துபோக
அடியில் இன்னொரு தட்டு வைத்தோம்.
பிளாஸ்டிக் முள்கரண்டி உடைந்தது.
கையாலேயே பிய்த்துத் தின்றோம்.
"அம்மாவுடையது மாதிரி இல்லை."
"தெரியும்."
"இன்னொன்று இருக்கா?"

ஞாயிறு மாலை கார் வந்தது.
யாரும் இறங்கவில்லை.
கடைசி மாவில் பொரித்த ஒன்றை
அலுமினியத் தாளில் சுற்றி
ராலீனிடம் கொடுத்தனுப்பினேன்.

ஏழே முக்காலுக்கு ஃபோன் அதிர்ந்தது.
"சரி" இல்லை.
"உப்பு கொஞ்சம் கூடுதல்."

பதில் எழுதினேன். அழித்தேன்.
மறுபடி எழுதினேன், இன்னும் நீளமாக.
அழித்தேன்.
காதுமடலைத் தொட்டுக்கொண்டேன்.
பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்து
மேலே ஒரு துணியைப் போட்டுவிட்டு
வாணலியைத் தேய்க்கப் போனேன்.