எடை

வால்விஸ் பேயில் விடியல் என்றால்
மூடுபனி கொஞ்சம் வெளுப்பது, அவ்வளவுதான்.
அந்த வெளுப்பில் வந்து நின்றாள் ஹிலேனி,
மீன் தொழிற்சாலையின் வெள்ளை ரப்பர் பூட்ஸோடு.
ஒரு காலில் மட்டும்.
மற்றதை அவன் கூரைமேல் எறிந்துவிட்டானாம்,
ஓடிப்போகாமல் இருக்க.
ஓடவில்லை என்றாள்.
குயிசெப்மண்டிலிருந்து தண்டவாளத்தை ஒட்டி
நடந்துதான் வந்தாளாம்.

ஆலயத்துக்குப் பின்புறம் எங்கள் வீடு.
ஆறு கட்டில், இரண்டு தொட்டில்.
ஒரு தொட்டிலின் காலை
திருகாணி கிடைக்காமல் செருப்பு வாரால் கட்டியிருக்கிறோம்.
பெயர்ப்பலகை கிடையாது.
தெரிய வேண்டியவர்களுக்கு வாசல் தெரியும்,
தெரியக் கூடாதவர்களுக்கும்
கொஞ்ச நாளில் தெரிந்துவிடும்.

நான் இராக்காவல்.
பாதிச் சம்பளம் சபை தரும், மீதியைக் கர்த்தர் தருவார்
என்று கமிட்டி சொல்லிப் பதினோரு வருஷம்.
கர்த்தர் பாக்கி வைத்திருக்கிறார்.
நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

கம்பங்களியைத் தட்டில் போட்டு முன்னால் வைத்தேன்.
"முதலில் ஜெபிக்கணுமா?"
சுவரில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.
"ஆறிப்போகும், சாப்பிடு."
வலது கையில் இரண்டு விரல்கள்
கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன.
இடது கையால் பிட்டுத் தின்றவள்
பாதியில் நிறுத்தி
"நாலு மாசம்" என்றாள்,
வாங்கிய கடனைச் சொல்வதுபோலத் தட்டைப் பார்த்து.

படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது:
எதிர்பார்த்த கர்ப்பமா, இல்லையா?
யார் எழுதிய கேள்வியோ.
பேனாவைப் பிடிக்க முடியவில்லை அவளால்.
"நீங்களே எழுதுங்க."
"என்னவென்று?"
ஜன்னலைப் பார்த்தாள் ரொம்ப நேரம்.
"பனியாக இருக்குன்னு எழுதுங்க."
எழுதினேன்.
விண்ட்ஹூக் அலுவலகத்தில் அதை
எந்தக் கட்டத்தில் சேர்த்தார்களோ.

மூன்றாம் ஞாயிறு அவன் வந்தான்.
இஸ்திரி போட்ட சட்டை, கூடவே பாஸ்டர் ஷிவுட்டே.
அவன் அழுதான். அழுகை நிஜம்.
அதுதான் அதிலிருக்கும் ஆபத்து.
பாஸ்டர் சமாதானத்தைப் பற்றிப் பேசினார்,
குடும்பம், மன்னிப்பு, பிறக்கப்போகும் பிள்ளை.

என் இடது காது கேட்காது.
மத்தியாஸ் உயிரோடிருந்தபோது
ஓர் ஈஸ்டர் இரவில் போனது.
சமாதானம் பேச வருகிறவர்களை
அந்தப் பக்கமாகத்தான் நிறுத்திக்கொள்வேன்.
கேட் பூட்டு என் இடுப்பில் இருந்தது.

ஆனாலும் போனாள்.
திங்கட்கிழமை, தானே சாவி கேட்டு வாங்கி,
கட்டில் விரிப்பை நான்காய் மடித்து வைத்துவிட்டு.
கமிட்டியில் ஒரு அம்மாள் சொன்னாள்,
இவ்வளவு செய்தும் நன்றியில்லை என்று.
செய்தது என்ன, ஒரு தட்டுக் களி.

நாற்பது நாள் கழித்து மறுபடி
அதே வெளுப்பில் வந்தாள்.
இந்தமுறை இரண்டு காலிலும் பூட்ஸ்.
நான் எதுவும் கேட்கவில்லை.
தலையணை உறை மாற்றினேன்.
காய்ந்த கறைக்கு உப்புத்தண்ணீர் நல்லது,
அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த வேதம் அதுதான்.

பின்லாந்துச் சபைப் பெண்கள் பின்னி அனுப்பியிருந்தார்கள்
ஒரு பெட்டி நிறையக் கம்பளித் தொப்பி.
பாலைவனத்துக்குக் கம்பளியா என்று சிரிப்பவர்கள்
இந்தக் கரையில் ஜூலை மாதத்தில்
ஓர் இரவு படுத்துப் பார்க்கட்டும்.

பிள்ளை பிறந்தது ஜூலையில்தான்.
தொப்பி மாட்டிக் கையில் கொடுத்துவிட்டு
நர்ஸ் டைமி தராசு எடுக்கப் போனாள்.
ஹிலேனி பிள்ளையைக் கொஞ்சவில்லை, முத்தமிடவில்லை.
உள்ளங்கையில் ஏந்தி
லேசாக மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள்.
ஆறு வருஷம் ஹேக் மீன் துண்டுகளைக்
கையாலேயே நிறுத்துப் பெட்டியில் அடுக்கியவள்.
இரண்டு விரல்கள் கோணலாகவே சேர்ந்திருந்தன.

"ரெண்டு கிலோ தொள்ளாயிரம்."

டைமி தராசில் வைத்துக் குனிந்து பார்த்தாள்.
ரெண்டு கிலோ எண்ணூற்று எண்பது.

"தொப்பியைக் கழற்றிட்டீங்க" என்றாள் ஹிலேனி.