எக்ஸெல்

மேம்பாலத்தில் கார்களை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.
விஜயநகர் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால்
மாடுகள் மேடு தேடிப் போவது போலத்தான் இருக்கிறது,
ஒன்றன் பின் ஒன்றாக,
நின்றதும் கண்ணை மூடிக்கொண்டு.
எங்களிடம் கார் இல்லை.
ஒரு பை இருக்கிறது.

போன ஐப்பசியில் கட்டியது.
பரண் மேல், அரிசி டிரம்முக்குப் பின்னால்
ஒரு வருடம் சும்மா இருந்தது.
இன்று இறக்கினேன். ஜிப் முரண்டு பிடித்தது,
தேங்காயெண்ணெய் தொட்டு வைத்தேன்.

உள்ளே
மூன்று மாதக் குழந்தை ஒன்று
இல்லாமல் இருந்தது.
சட்டைகள் என் உள்ளங்கை அகலம்.
காலுறையில் என் கட்டைவிரல்தான் நுழைகிறது.
பால்பவுடர் டப்பாவின் அடியில்
சித்திரையோடு முடிந்துபோன தேதி.
காய்ச்சல் மருந்துக்கு டாக்டர் சொன்ன அளவு,
என் கையெழுத்தில், ஐந்து கிலோ எடைக்கு.
இப்போது பத்தரைக் கிலோ தமயந்தி
தன் வலது செருப்பைப் பைக்குள் வைக்கிறாள்.
எடுக்கிறேன்.
வைக்கிறாள்.

போன வருடம் வெள்ளம் வரவில்லை.
புயல் நெல்லூர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.
வந்தது இவள்தான்.
கணுக்கால், முழங்கால், மேசை விளிம்பு என்று
நாளுக்கு நாள் உயர்ந்து
வீட்டில் இருந்த எல்லாவற்றையும்
மேல்தட்டுக்கு ஏற்ற வைத்தவள்.

சரி, மறுபடியும்.
மெடிக்கல் ஷாப்பில் வரிசை தெருமுனை வரை.
எல் சைஸ் தீர்ந்துபோச்சு,
எக்ஸெல் வாங்கி ஓரத்தை மடிச்சு விடுங்க என்றான் பையன்,
கல்யாணம் ஆகாதவன்.
ஆவின் பூத்தில் பால் காலையிலேயே முடிந்தாயிற்று,
மெழுகுவத்தி விற்கிறார்கள்.
ராகியை வறுத்து அரைத்தேன்,
வெந்நீர் ஊற்றினால் போதுமே என்று.
வெந்நீர்?
ஃபிளாஸ்க் கட்டிலடியில் கிடந்தது,
இவள் பிறந்த ஆஸ்பத்திரியின் வாசனை
இன்னும் மூடிக்குள் இருந்தது.
தடுப்பூசி அட்டைக்கு இரண்டு பிளாஸ்டிக் உறை,
ஒன்று தண்ணீருக்கு,
ஒன்று என் சந்தேகத்துக்கு.

பையின் மேல் மார்க்கரால் எழுதினேன்:
தமயந்தி. பி பாசிட்டிவ். வேர்க்கடலை ஆகாது.
அப்பா நம்பர்.
அப்பா தரமணியில் டூட்டி.
தெருவுக்குக் கரண்டை நிறுத்துகிறவரும் அவர்தான்,
திருப்பித் தருகிறவரும் அவர்தான்.
இன்றிரவு அந்த நம்பர் எடுக்காது,
தெரிந்துதான் எழுதினேன்.
கீழே இன்னொரு நம்பருக்கு இடம் இருந்தது.
யாருடையது?
மார்க்கர் காய்கிற வரை யோசித்தேன்.

ஒன்றரை மணி இருக்கும்.
கதவைத் தட்டியது பவுலின், கீழ்வீடு.
நைட்டி இடுப்பு வரை நனைந்து,
தலைக்கு மேல் பிளாஸ்டிக் டப்,
டப்புக்குள் பதினோரு நாள் பையன்.
பெயர் இன்னும் வைக்கவில்லை,
ஞானஸ்நானம் ஜனவரியில்.
"எல்லாம் கீழ் ஷெல்ஃபுல இருந்துச்சுக்கா."

பழசு என்று மூலையில் குவித்திருந்ததைக்
கிளறினேன்.
அந்தச் சட்டைகூட அவனுக்குப்
பாதிரியார் அங்கி மாதிரி இருந்தது.
இருவரும் சிரித்தோம், சத்தம் போடாமல்,
படியில் ஏறும் தண்ணீருக்குக் கேட்டுவிடும் போல.
பழைய பவுடரைத் தள்ளி வைத்தேன்.
துண்டு கொடுத்தேன், ஃபிளாஸ்க்கைத் திறந்து கொடுத்தேன்,
சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.
பால் அவளிடமே இருந்தது,
ஷெல்ஃபில் இல்லாத ஒன்று.

தமயந்தி எழுந்து வந்தாள்.
டப்பை எட்டிப் பார்த்தாள்.
போய்விட்டு வந்து
வலது செருப்பை அதற்குள் வைத்தாள்.
யாரும் எடுக்கவில்லை.

உன் நம்பர் சொல் பவுலின் என்றேன்.
சொன்னாள்.
கடைசி எண் ஞாபகம் வரவில்லை.
"மூணா, எட்டா... போனும் அங்கதான்க்கா இருக்கு."
ஒன்பது எண்களை எழுதினேன்,
பக்கத்தில்
ஓர் எண்ணுக்கு இடம் விட்டு.