நாற்பத்தேழாம் பக்கம்

மெய்ப்பை நான் நான்கு முறை பார்த்தேன்.
நெல்டா இரண்டு முறை.
அவள் கணவன் உரக்க வாசித்து ஒரு முறை,
அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல்.
ஏழு வாசிப்பையும் தாண்டி
அங்கேயே நின்றுகொண்டிருந்தது அது,
நாற்பத்தேழாம் பக்கம், மேலிருந்து ஒன்பதாவது வரி.

எங்கள் ஸ்பானிய மொழியில்
மனிதனுக்கும் பசிக்கும் நடுவே
ஒரே ஓர் எழுத்து.
ஓம்ப்ரே. ஆம்ப்ரே.
மனிதன் வீடு திரும்பினான் என்று
எழுதியிருந்தார் எலிசேயோ.
பசி வீடு திரும்பியது என்று
அச்சிட்டிருந்தோம் நாங்கள்.
முந்நூறு முறை.

புன்தா அரேனாஸில் ஆகஸ்ட்
தகரக் கூரையைக் காற்று கழற்றிப் பார்க்கும் மாதம்.
எங்கள் பதிப்பகம் ஒரு கார் ஷெட்.
காருக்குப் பதில் நகலச்சு இயந்திரம் ஒன்று,
பள்ளிக்கூடம் ஏலத்தில் தள்ளியது.
குளிரில் மை இறுகிவிடுமென்று
இரவில் அதற்குத்தான் கம்பளி, எங்களுக்கு இல்லை.
காகிதக் கடையில் இரண்டு புத்தகத்துப் பாக்கி.
மறுபடி அச்சிடுவதைப் பற்றி
யாரும் வாய் திறக்கவில்லை.

ஒப்புக்கொள்கிறேன்,
எனக்குப் பிடித்திருந்தது அந்தப் பிழை.
ஒரு மனிதன் வீடு திரும்புவதில் என்ன இருக்கிறது?
எல்லோரும்தான் திரும்புகிறார்கள்.
பசி திரும்பினால்
கோட்டைக் கழற்றி மாட்டுகிறது,
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறது,
யார் யார் வீட்டில் என்று எண்ணுகிறது.
"விட்டுவிடலாம்" என்றேன் நெல்டாவிடம்,
"அவரே கை தட்டுவார்."
பசை வாளியைக் கீழே வைத்தாள்.
"கேட்டுவிட்டு விடு."

எலிசேயோ பார்ரியா ஆலையிலிருந்து நேரே வந்தார்,
நண்டு நாறும் ரப்பர் பூட்ஸோடு.
நின்றபடி வாசித்தார்.
பிறகு உட்கார்ந்து வாசித்தார்.
"அழகாக இருக்கிறது."
நான் நெல்டாவைப் பார்த்தேன், வென்றவளைப்போல.
"ஆனால் பொய்" என்றார்.
"ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போன அப்பா
ஏழு மாதம் கழித்து வந்த இரவு அது. எனக்கு ஆறு வயது.
பசி எங்கிருந்தும் திரும்பி வரவில்லை, அம்மணி.
அது வீட்டிலேயேதான் இருந்தது.
அவர் உள்ளே வந்தார், அது வெளியே போயிற்று.
ஒரே ஓர் இரவு.
மற்ற நூற்றுப் பத்துப் பக்கமும்
அந்த இரவைச் சுற்றிப் போட்ட வேலி."

நல்ல வேளை, அந்த வரி சாய்வெழுத்தில்.
சாய்ந்து நிற்கும் அந்த எழுத்து
ஒரு வட்டம், வலப் பக்கம் ஒரு வால்.
வாலைச் சுரண்டிவிட்டால்
மனிதன்.

மூன்று பிளேடு, ஒரு மேசை விளக்கு.
எனக்கு ஒரு பிரதிக்கு நான்கு நிமிடம்.
அவருக்கு ஒன்று;
ஓட்டிலிருந்து சதையைக் கிழியாமல் எடுத்துப்
பழகிய கை.
நெல்டாவின் பிளேடு இரண்டு பிரதிகளில்
தாளையே துளைத்துவிட்டது. அழப் போனாள்.
அவர் துளை வழியாக விளக்கைப் பார்த்தார்.
"இருக்கட்டும். ஓட்டைதானே, பசி இல்லையே."

பதினொன்று ஏற்கனவே கப்பலேறி
வால்டிவியா போய்விட்டன.
கடைக்காரிக்கு ஒரு கடிதம் எழுதி
உறைக்குள் பிளேடு ஒன்றையும் வைத்தோம்.
ஏழு விற்றுப்போயிற்று என்று பதில் வந்தது
மூன்று வாரம் கழித்து.
அந்த ஏழு வீட்டிலும்
இன்னும் அது திரும்பிக்கொண்டே இருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது
அந்த இரவின் கடைசியை.
மணி மூன்று. மேசையெல்லாம் கருப்புத் தூள்,
எறும்பு அரித்துப் போட்டதுபோல.
எலிசேயோ பிரதிகளை எண்ணினார்.
முந்நூறில் பதினொன்று போக
இருநூற்று எண்பத்தொன்பது இருக்க வேண்டும்.
இருநூற்று எண்பத்தெட்டு.
மறுபடி எண்ணினார்.

என் கோட்டின் உள்பையை அவர் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருந்தது தெரிந்தது.
பூட்ஸை மாட்டிக்கொண்டு, கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டு,
பிளேடை மேசையில் வைத்தார்,
என் பக்கமாக,
பிடி என்னை நோக்கி இருக்கும்படி.