ஜாமீன்

மூன்று நாளாய்ப் பேச்சில்லை எங்களுக்குள்.
தாமோதரன் வாங்கிய கடனுக்கு
இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்ட சங்கதியை
சொசைட்டி நோட்டீஸ்தான் எனக்குச் சொன்னது.

ஞாயிறு விடியுமுன் தூண்டிலை எடுத்தேன்.
தூண்டில் என்றால் பெரிதாய் ஒன்றுமில்லை.
தண்ணீர் பாட்டிலில் சுற்றிய நரம்பு,
கனத்துக்கு ஒரு நட்டு, இரண்டு முள்.
வெல்லம் சேர்த்துப் பிசைந்த ராகி உருண்டை
ஸ்வெட்டர் பையில்.

எமரால்டு அணையோரம் புல்லெல்லாம் உறைபனி.
செருப்புக்கடியில் அப்பளம் போல நொறுங்கியது.
குத்தகைக்காரரின் ஆள் சீட்டைக் கிழித்துத் தந்து
"அண்ணன் வரலியா?" என்றான்.
"அண்ணனுக்கு ஊருக்கெல்லாம்
கையெழுத்துப் போடுற வேலை" என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை. நல்லது.

இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை.
தண்ணீர் மேல் ஆவி எழுந்து
அக்கரைப் பக்கம் நடந்துபோனது.
பிறகு விரலில் ஒரு சந்தேகம்.
பிறகு ஓர் இழுப்பு.
பிறகு எடை.

கண்ணாடிக் கெண்டை இரண்டு.
முதுகோரம் மட்டும் நாலைந்து செதில்,
சட்டைப் பொத்தான் மாதிரி.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்
தலைமுடியில் தேயிலைத் தூசியோடு
அலுமினியச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.
பேசாமல் கத்தியைத் தீட்டினார்.
முதுகோடு பிளந்து, குடலெடுத்து,
கல்லுப்பும் மஞ்சளும் அப்பி,
கொடிக்கம்பியில் துணிக்கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்,
என் பாவாடைக்குப் பக்கத்திலேயே.
தோல் காய்ந்து விரலில் ஒட்டும்வரை
காத்திருக்க வேண்டும்.
காத்திருந்தோம், ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி.

மூடி போன எண்ணெய் டின்,
அடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள்,
போன வருசம் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி.
தீ நாக்கை நீட்டினால் ஈரக் கொய்யா இலை.
புகை சுணங்குகிறதே என்று
நான் ஒரு கற்பூர மரத்துக் கிளையைச் செருகப் போனேன்.
"அதைப் போடாத," என்றார்.
மூன்று நாளில் முதல் பேச்சு.
"மீனுக்கா சளி பிடிச்சிருக்கு?"

சிரிக்கக் கூடாதென்றுதான் இருந்தேன்.

மத்தியானம் மஞ்சு இறங்கியது.
எது புகை எது மஞ்சு என்று தெரியாத வாசலில்
நிமிசத்துக்கொருதரம் டின்னில்
புறங்கையை வைத்துப் பார்த்தார்,
ஃபேக்டரியில் ட்ரையருக்குச் செய்வதுபோல.
மீன் மஞ்சளாகி, பழுப்பாகி,
நொதித்த இலையின் நிறத்துக்கு வந்தது.
"எவ்வளவு?" என்றேன்.
"இன்னும் அரைமணி."
"கடனைக் கேட்டேன்."
குச்சியால் சாம்பலைக் கிளறினார்.
"நாற்பது."
டின்னுக்குள் ஒரு சொட்டு நெய் விழுந்து சீறியது.

சோறு வெந்து ரசம் கொதிக்கையில்
வேலிப் படலைத் திறந்துகொண்டு
தாமோதரனே வந்தான்.
"வாசனை எங்க லைன் வரைக்கும் வருது அண்ணி."
கையில் மண் உதிராத கேரட் அரைக் கிலோ.
கடனைப் பற்றி மூச்சில்லை.

சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் நறுக்கி
உதிர்த்த மீனோடு பிசைந்து வைத்தேன்.
வெளியே புகை, உள்ளே வெள்ளை,
நடுவில் ஏரித் தண்ணீரின் லேசான இனிப்பு.
அவனுக்குத் தலையும் வாலும்.
குறை சொல்லாமல் சாப்பிட்டான்,
"வர்ற மாசம் கண்டிப்பா..." என்று ஆரம்பித்தான்,
தொண்டையில் முள்.

கண் பிதுங்க அவன் இருமுகையில்
வெறுஞ்சோற்றை உருட்டி வாயில் திணித்து
முதுகில் தட்டிக்கொடுத்தவர்
வேறு யார், இவர்தான்.
"முள்ளுக்கும் நீங்கதான் ஜாமீனா?" என்றேன்.
"அந்தச் சொல்லிலேயே ஒரு மீன் இருக்கு,
பாத்துத் தின்னிருக்கணும்."
இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கள்கிழமை எடைபோடும் கொட்டகையில்
என் தலைக்கட்டை மோந்து கேட்டாள் பவளக்கொடி,
"நேத்து உன் வீட்டுல என்ன விசேசம்?"
சொல்லவில்லை.
மீதி ஒரு துண்டு இன்னும் அடுப்புக்கு மேல் தொங்குகிறது.
பக்கத்து ஆணியில் அந்த நோட்டீஸ்.
அதிலும் நன்றாகப் புகை ஏறியிருக்கிறது.
இனி லேசில் கெடாது.